கோத்தகிரி ஷெட்டில் நிற்கும் ஹெரால்டு: சாவியைத் திருப்புவதற்கு முன்னால்

கேள்வி: என் தாத்தா கோத்தகிரி பக்கம் ஒரு தேயிலை ஃபேக்டரியில் டீ மேக்கராக இருந்தவர். அவரிடம் 1966 மாடல் ஸ்டாண்டர்டு ஹெரால்டு, இரண்டு கதவு, துணி டாப் போட்டது, இருந்தது. 1999 கடைசியில் ஷெட்டில் நிறுத்தினார், அதற்குப் பிறகு யாரும் எடுக்கவில்லை. போன வருஷம் தாத்தா தவறிவிட்டார். வண்டியைச் சரிசெய்து, டாப்பைத் திறந்து போட்டுக்கொண்டு ஊட்டிக்கு ஓட்டிப் போக வேண்டும் என்று எனக்கும் மனைவிக்கும் ஆசை. உள்ளூர் மெக்கானிக், "புது பேட்டரி போட்டு பெட்ரோல் ஊத்துங்க, ஸ்டார்ட் ஆயிடும்" என்கிறார். முதலில் பெயிண்ட் அடித்துப் புது டாப் தைத்துவிடலாமா? ஷெட்டுக்குப் பின்னால் ஒரு இரும்புக் கூரை சாய்த்து வைத்திருக்கிறது, பழைய இரும்புக்காரர் கேட்கிறார், கொடுத்துவிடலாமா? நான்கு லட்சம் வரை ஒதுக்கியிருக்கிறேன். (பெங்களூரிலிருந்து ஒரு வாசகர்)

பதில்:

தம்பி, கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். கூரையைக் கொடுக்காதீர்கள். மழை படுகிற இடத்தில் இருந்தால் இன்றைக்கே யாரையாவது விட்டு உள்ளே எடுத்து வைக்கச் சொல்லுங்கள். அது அநேகமாக உங்கள் வண்டியின் சொந்தக் கூரை. மற்ற எந்தச் சாமானையும் தேடியோ, லேத்தில் செய்தோ, வெளிநாட்டிலிருந்து வரவழைத்தோ சமாளித்துவிடலாம், ஆனால் இந்தக் கூரை எடைக்குப் போய்விட்டால் இன்னொன்று கிடைப்பது பெரும்பாடு.

ஹெரால்டு மற்ற கார்களைப் போல அடியும் மேலும் ஒன்றாக வெல்டு வைத்துச் செய்த வண்டி இல்லை. கீழே தனியாக ஒரு சேஸிஸ், அதன் மேல் பாடியைத் துண்டு துண்டாகப் போல்ட் போட்டு உட்கார வைத்திருப்பார்கள். இத்தாலிக்காரர் மிச்செலோட்டி வரைந்த வடிவம். இங்கிலாந்தில் 1959-ல் ட்ரையம்ப் ஹெரால்டாக வந்தது, 1961-லிருந்து சென்னைக்குப் பக்கத்தில் வண்டலூரில் ஸ்டாண்டர்டு மோட்டார் கம்பெனி 948 சிசி இன்ஜினோடு இங்கேயே தயாரித்தது. கூரையும் அந்தப் போல்ட் போட்ட துண்டுகளில் ஒன்றுதான். இங்கிலாந்தில் 1960-லேயே கம்பெனியே கூரையைத் திறந்து மூடும் கன்வர்ட்டிபிள் விட்டது. நம் ஊரில் பலர் மூடின வண்டியை வாங்கி, கூரையைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, ஜீப்புக்குத் தைப்பது மாதிரி ஒரு துணி டாப் தைத்துப் போட்டுக்கொண்டார்கள். ஷெட்டுக்குப் பின்னால் கூரை கிடக்கிறது என்றால் உங்கள் தாத்தாவோ, அவருக்கு விற்றவரோ அதைத்தான் செய்திருக்க வேண்டும். ஆர்சி புக்கில் பாடி டைப் என்ற இடத்தைப் பாருங்கள், சலூன், அதாவது மூடின கார், என்று இருந்தால் சந்தேகமே இல்லை.

இனி நான் சொல்லப்போவது உங்கள் இரண்டு பேருக்கும் பிடிக்காது. வண்டி ஓட ஆரம்பித்த பிறகு முதல் ஒரு வருஷம் அந்த இரும்புக் கூரையை மாட்டியே ஓட்டுங்கள். துணி டாப்பை அப்புறம் பார்க்கலாம்.

ஏன் என்று கேட்பீர்கள். கூரையைக் கழற்றிய கார் மூடி இல்லாத அட்டைப்பெட்டி மாதிரி, மூலையைப் பிடித்துத் திருகினால் வளையும். ஹெரால்டுக்குத் தனிச் சேஸிஸ் இருப்பதால் மற்ற வண்டிகள் அளவுக்கு மோசமில்லை, ஆனால் இருபத்தைந்து வருஷம் ஈர மண் தரை மேல் நின்ற சேஸிஸ் எவ்வளவு இரும்பு மிச்சம் வைத்திருக்கிறது என்பது கழற்றிப் பார்க்கும் வரைக்கும் எனக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது. கூரை மேலே இருந்தால் அது கொஞ்சம் தாங்கும், கதவு ஒழுங்காகச் சாத்தும், கோத்தகிரி மழை உள்ளே இறங்காது. அதோடு ஆர்டிஓ ஆபீஸில் வண்டி ஆர்சியோடு ஒத்துப்போகும், அதைப் பற்றிக் கீழே சொல்கிறேன்.

உங்கள் மெக்கானிக் சொன்னது தப்பு என்று நேராகச் சொல்ல மாட்டேன், ஸ்டார்ட் ஆகவும் ஆகலாம். ஹெரால்டு இன்ஜின் முரட்டு இன்ஜின், அவர் பேட்டரியைக் கட்டினதும் நாலு தடவை இருமிவிட்டு ஓடினாலும் ஓடும், வீட்டில் எல்லோரும் கைதட்டுவார்கள். ஆனால் அந்த அரை நிமிஷத்தில், எண்ணெய் ஏறாத பேரிங்கும் துரு ஏறிய சிலிண்டர் சுவரும் என்ன பாடுபடும் என்பது யார் கண்ணுக்கும் தெரியாது. அதைவிடப் பெரிய ஆபத்து, ஓட ஆரம்பித்த வண்டியை "ஒரு ரவுண்டு" என்று ரோட்டுக்கு எடுத்துவிடுவார்கள். உங்கள் ஊர் ரோடு எந்தப் பக்கம் எடுத்தாலும் இறக்கம். பிரேக்கோ 1999-ல் விட்ட நிலையில் இருக்கிறது.

அதனால் சாவியை மறந்துவிட்டு ஷெட்டிலிருந்து வண்டியை வெளியே எடுப்பதிலிருந்து ஆரம்பியுங்கள். கயிறு கட்டி ஜீப்பிலோ பிக்கப்பிலோ இழுக்கவே கூடாது. இழுக்கப்படும் வண்டிக்குப் பிரேக் இல்லை என்றால் மலை ரோட்டில் முன்னால் போகிறவனுக்கும் சேர்த்துத்தான் ஆபத்து. ரெக்கவரி வண்டியை வரவழைத்து மேலே ஏற்றிக் கட்டுங்கள். பிரேக் இறுகிச் சக்கரம் சுற்றவில்லை என்றால் டிரம்மைச் சுற்றிலும் மரச் சுத்தியால் தட்டி, அட்ஜஸ்டரைத் தளர்த்தினால் பெரும்பாலும் விட்டுவிடும். ஹேண்ட் பிரேக் போட்டு நிறுத்தியிருந்தால் பின்சக்கரத்தில் கொஞ்சம் கூடுதல் பொறுமை வேண்டும். டிக்கி, சீட்டு அடி, ஏர் ஃபில்டர் டப்பா, சைலன்ஸர் குழாய் எல்லாவற்றிலும் எலி குடும்பம் நடத்தியிருக்கும், குளவிக் கூடும் இருக்கலாம். கையுறையும் முகமூடியும் போட்டுக்கொண்டு சுத்தம் செய்யுங்கள்.

பட்டறைக்கு வந்ததும் முதலில் சேஸிஸ். கால்மிதி மேட்டையும் பழைய கார்ப்பெட்டையும் தூக்கி எறிந்துவிட்டு, அடியில் ஒட்டியிருக்கும் மண்ணைத் தண்ணீர் அடித்துக் கழுவி, காய விட்டு, சின்னச் சுத்தியால் ஓரம் முழுக்கத் தட்டிப் பாருங்கள். நல்ல இரும்பு கணீர் என்று சொல்லும், போன இரும்பு பொத்தென்று சொல்லும். சேஸிஸிலிருந்து பக்கவாட்டில் கை மாதிரி நீளும் அவுட்ரிக்கர்கள், பாடி போல்ட் உட்காரும் இடங்கள், டிக்கிக்கு அடியில் இருக்கும் கைகள், டிஃபரன்ஷியல் தொங்கும் இடம், இவை முக்கியம். பட்டி போட்டு மெழுகியிருந்தால் ஸ்க்ரூடிரைவரால் குத்திப் பார்க்கத் தயங்காதீர்கள், பட்டி எதையும் தாங்காது. இங்கிலாந்தில் எழுதின குறிப்புகளைப் படித்தால் ரோட்டில் தூவும் உப்பைப் பற்றிப் பயமுறுத்துவார்கள், நமக்கு அது இல்லை. நம் மலையில் துரு மேலேயிருந்து ஒழுகி இறங்கும் தண்ணீராலும், மாதக்கணக்கில் விலகாத மூடுபனியாலும், மண் தரையிலிருந்து ஏறும் ஈரத்தாலும் வருகிறது. துணி டாப் போட்ட வண்டி என்றால் ஓட்டுபவர் காலடித் தகட்டை முதலில் பாருங்கள், ஒழுகின தண்ணீரெல்லாம் கடைசியில் அங்கேதான் தேங்கும்.

கூரை இல்லாத நிலையில் ஒரு சோதனை உண்டு, காசு செலவில்லை. கதவைச் சாத்தி, அதன் பின் விளிம்புக்கும் பாடிக்கும் நடுவே இருக்கும் இடைவெளியை மேலே ஒரு அளவு, கீழே ஒரு அளவு எடுத்துக்கொள்ளுங்கள். முன்சக்கரத்துக்குப் பின்னால் சேஸிஸுக்கு அடியில் ஜாக் வைத்து அந்தப் பக்கம் சக்கரம் தரையை விட்டு எழும் வரை தூக்கி மறுபடி அளந்து பாருங்கள். இடைவெளி கண்ணுக்குத் தெரியும்படி மாறினாலோ, கதவு திறக்க மறுத்தாலோ, டிங்கரிங் வேலை பெரிது. அப்படியானால் பாடியைக் கழற்றுவதற்கு முன்பே இரண்டு கதவு வாசலுக்கும் குறுக்கே இரும்புப் பைப் வைத்து வெல்டு அடித்துப் பிடித்துவிட வேண்டும். இல்லையென்றால் வேலை முடிந்து திரும்பக் கதவு மாட்டும்போது பொருந்தாது, ஒரு பக்கம் பொருந்தினால் இன்னொரு பக்கம் இடிக்கும். இந்தக் கட்டத்தைத் தாண்டாமல் பெயிண்ட் கடைப் பக்கமே போகாதீர்கள்.

அடுத்தது பிரேக். உங்கள் நான்கு லட்சத்தில் கை நடுங்காமல் செலவழிக்க வேண்டிய இடம் இது, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

உங்கள் ஹெரால்டில் நான்கு சக்கரத்துக்கும் டிரம் பிரேக், எல்லாவற்றுக்கும் சேர்த்து, பெடலை மிதித்தால் ஆயிலைத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டர் ஒன்றே ஒன்று, ஒரே லைன். இன்றைய கார்களில் ஒரு பக்கம் லைன் போனாலும் இன்னொரு பக்கம் பிடிக்கும். இதில் எங்கே ஒரு இடத்தில் ஒழுகினாலும் பெடல் நேராகத் தரைக்குப் போய்விடும், மிச்சம் இருப்பது ஹேண்ட் பிரேக் மட்டும். அதனால் "மூணு சிலிண்டர் நல்லா இருக்கு, ஒண்ணை மட்டும் மாத்திடலாம்" என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். மாஸ்டர் சிலிண்டர், எல்லா வீல் சிலிண்டர், நான்கு ரப்பர் ஹோஸ், இரும்புக் குழாய்கள் அத்தனையும் கழற்ற வேண்டும். பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும், அந்த ஈரம் சிலிண்டருக்குள் குழி குழியாகத் துரு வைத்திருக்கும். புது சிலிண்டர் கிடைக்கவில்லை என்றால் பழையதைக் கோயமுத்தூரில் நல்ல லேத்தில் கொடுத்து உள்ளே பித்தளை அல்லது ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ஸ்லீவ் போட்டு அளவுக்குக் கடைந்து வாங்கலாம், சரியாகச் செய்தால் புதுசைவிட நாள்படும். ரப்பர் ஹோஸ் வெளியே பளபளவென்று இருக்கும், உள்ளே வீங்கி அடைத்திருக்கும். அப்படி அடைத்த ஹோஸ் பிரேக் பிடிக்கிறபோது ஆயிலை உள்ளே விடும், பெடலை விட்ட பிறகு திரும்ப விடாது, ஒரு சக்கரம் மட்டும் சூடாகிக்கொண்டே போகும்.

பிரேக் ரப்பரைப் பெட்ரோலிலோ டீசலிலோ கழுவக் கூடாது, பெட்ரோலிய எண்ணெய் பட்டால் ரப்பர் ஊதிவிடும். புது பிரேக் ஆயிலிலேயே கழுவி மாட்டச் சொல்லுங்கள். டாட் 4 போதும், இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை முழுக்க வடித்து மாற்றுங்கள், நம் ஈரத்துக்கு அதற்கு மேல் தள்ளக் கூடாது. இன்னொன்று, பழைய லைனரில் கல்நார் இருக்கும். டிரம்மைத் திறந்ததும் ஏர் பைப்பை வைத்து ஊதுவது நம் பட்டறைகளில் கைப்பழக்கம், அந்தத் தூசி நுரையீரலுக்கு எமன். தண்ணீர் தெளித்து நனைத்துத் துணியால் துடைத்து, துணியையும் பையில் கட்டிப் போடுங்கள். பையன் யாராவது வேலை செய்கிறான் என்றால் நின்று பார்த்துச் செய்யச் சொல்லுங்கள்.

ஹேண்ட் பிரேக் கேபிளைப் புதிதாகப் போட்டு, உங்கள் வீட்டுக்கு முன்னால் இருக்கும் ஏற்றத்திலேயே வண்டியை நிறுத்திப் பாருங்கள். அதில் நிற்காத வண்டி கோத்தகிரியை விட்டு வெளியே போகத் தயாராகவில்லை. நின்றாலும் சக்கரத்துக்கு ஒரு கட்டை வையுங்கள், மலையில் வண்டி ஓட்டுகிற பழைய டிரைவர்கள் யாரும் டிக்கியில் கட்டை இல்லாமல் கிளம்ப மாட்டார்கள்.

பிரேக்குக்கு அடுத்தபடி உயிர் சம்பந்தப்பட்ட இடம் முன்சக்கரத்தில் இருக்கும் ட்ரனியன். ஸ்டியரிங் திருப்பும்போது சக்கரத்தைத் தாங்கும் செங்குத்துக் கம்பி கீழே மரை போட்டு ஒரு வெண்கலத் துண்டுக்குள் திரும்பும், அந்தத் துண்டுதான் ட்ரனியன். இதற்கு 90 நம்பர் கியர் ஆயில்தான் அடிக்க வேண்டும், கிரீஸ் அடிக்கக் கூடாது. நிப்பிள் இருக்கிறதே என்று நம் ஆட்கள் வருஷக்கணக்கில் கிரீஸ் அடித்து வைத்திருப்பார்கள், கிரீஸ் இறுகி, மரைக்குள் எண்ணெய் போகாமல், துரு ஏறி, ஒரு நாள் வளைவில் கம்பி முறிந்து சக்கரம் மடங்கிப் படுத்துவிடும். கழற்றி, மரை தேய்ந்திருக்கிறதா, கம்பியில் விரிசல் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும், சந்தேகம் வந்தால் மாற்ற வேண்டும். ஆறுதலான விஷயம், இதே அமைப்பு ட்ரையம்ப் ஸ்பிட்ஃபையரிலும் இருப்பதால் இங்கிலாந்தில் இன்றைக்கும் புதிதாகச் செய்து விற்கிறார்கள். சென்னை புதுப்பேட்டையில் தேடிப் பழசு ஒன்று கிடைத்தால் சந்தோஷப்பட்டு மாட்டிவிடாதீர்கள். டைனமோ, விளக்கு, கைப்பிடி இவற்றுக்குப் புதுப்பேட்டை சரி, சக்கரத்தைப் பிடித்திருக்கும் சாமானுக்கு வேண்டாம்.

பின்சக்கரத்தைப் பற்றி ஒரு வார்த்தை. குறுக்கே ஒரே லீஃப் ஸ்பிரிங், ஆக்ஸில் இரண்டு பக்கமும் ஊஞ்சலாடும். ஜாக் போட்டுத் தூக்கி இறக்கினால் பின்சக்கரம் இரண்டும் கீழே உள்ளே ஒடுங்கி, வண்டி பின்பக்கம் எக்கிக்கொண்டு நிற்கும், பார்த்துப் பயந்துவிடாதீர்கள், நாலடி உருட்டினால் தானாக அமரும். ஆனால் ஓட்டும்போது இதையே ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டும், வேகமாக வளைவுக்குள் போய்ப் பாதியில் ஆக்சிலேட்டரைச் சட்டென்று விட்டாலோ பிரேக்கை மிதித்தாலோ வெளிப்பக்கப் பின்சக்கரம் அடியில் மடங்கி வண்டியின் பின்பக்கம் வழுக்கும். வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்துவிட்டு, லேசாக ஆக்சிலேட்டர் கொடுத்தபடி திரும்ப வேண்டும். மெதுவாகப் போகிறவருக்கு இந்த வண்டியைவிட நல்ல மலை வண்டி கிடையாது, வட்டமடிக்க 25 அடி போதும், கொண்டை ஊசி வளைவில் இன்றைய கார்கள் தடுமாறுகிற இடத்தில் இது ஒரே மூச்சில் திரும்பிவிடும்.

டயரில் மிச்சம் பிடிக்காதீர்கள். பட்டன் தேயாமல் இருந்தாலும் 1999 டயர் குப்பைதான். 13 அங்குல ரிம், பழைய வேகன் ஆருக்கு வந்த 145/80 ஆர் 13 அளவு பொருந்தும், பழைய ரிம் என்பதால் உள்ளே டியூப் போட்டுக்கொள்ளுங்கள். டயர் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும், முதல் இரண்டு வாரம், கடைசி இரண்டு வருஷம், கடைக்காரர் பழைய ஸ்டாக்கைத் தள்ளிவிடாமல் பார்த்து வாங்குங்கள்.

சரி, இப்போது இன்ஜின். முன்பக்கம் மட்கார்டோடு சேர்த்து மொத்த பானட்டும் முன்னோக்கிக் கவிழும், டயர் மேலேயே உட்கார்ந்து வேலை பார்க்கலாம், மெக்கானிக்குக்கு இதைவிட சொகுசான வண்டி இல்லை. முதலில் டேங்கை இறக்குங்கள். இந்தியா முழுக்க ஈயம் கலக்காத பெட்ரோல் வந்தது 2000 பிப்ரவரியில், உங்கள் டேங்க் அடியில் பிசினாக உறைந்திருப்பது அதற்கு முந்தைய ஈயப் பெட்ரோலாக இருக்கலாம், அதைக் கையால் தொடாதீர்கள், சாக்கடையிலும் ஊற்றாதீர்கள். டேங்கைக் கழுவி, லைனை மாற்றி, கார்புரேட்டரைப் பிரித்து, பெட்ரோல் பம்பின் டயஃப்ரத்தை மாற்ற வேண்டும். இதில் ஒரு புதுப் பிரச்சினை, இன்றைக்கு பங்கில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். பழைய ரப்பர் குழாயையும் டயஃப்ரத்தையும் அது அரித்துவிடும், தண்ணீரையும் இழுத்துக்கொள்ளும். எத்தனால் தாங்கும் ஹோஸ், தாங்கும் டயஃப்ரம் என்று கேட்டு வாங்குங்கள். நீங்கள் பெங்களூரில் இருந்துகொண்டு மாதம் ஒருமுறை வந்து ஓட்டுவதானால் டேங்கை நிரப்பி வைத்துவிட்டுப் போகாதீர்கள்.

நான்கு பிளக்கையும் கழற்றி, ஒவ்வொரு ஓட்டையிலும் கொஞ்சம் ஏடிஎஃப் ஆயில் (ஆட்டோமேட்டிக் கியர் பாக்ஸுக்கு ஊற்றுவது) ஊற்றி, நான்கைந்து நாள் அப்படியே விடுங்கள். அப்புறம் கிராங்க் நட்டில் ஸ்பேனர் போட்டுக் கையால் மெதுவாக முன்னும் பின்னும் அசைத்துப் பாருங்கள். அசையவில்லை என்றால் மறுபடி ஊற்றிக் காத்திருங்கள், நீளமான பைப் மாட்டி மிதிக்காதீர்கள். சுற்ற ஆரம்பித்த பிறகு ராக்கர் கவரைத் திறந்து எட்டு வால்வும் ஏறி இறங்குகிறதா என்று கண்ணால் பார்க்க வேண்டும், ஒரு வால்வு சிக்கியிருந்து நீங்கள் செல்ஃப் அடித்தால் அதைத் தள்ளும் கம்பியான புஷ்ராட் வளைந்துவிடும். பழைய ஆயிலை வடியுங்கள், முதலில் தண்ணீர் வந்தாலோ ஆயில் பால் மாதிரி இருந்தாலோ ஹெட் கழற்ற வேண்டி வரும். கழற்றினால் அதோடு வால்வு சீட்டையும் கடினமானதாக மாற்றிவிடுங்கள், ஈயம் இல்லாத பெட்ரோலுக்கு அது நல்லது. கழற்றத் தேவையில்லை என்றால் இதற்காகக் கழற்ற வேண்டாம், நிதானமாக ஓட்டும் வண்டிக்கு உடனே ஒன்றும் ஆகாது. 20டபிள்யூ-50 மினரல் ஆயில் ஊற்றி, பிளக் இல்லாமலே செல்ஃப் அடித்து ஆயில் லைட் அணையும் வரை சுற்றி, அதற்குப் பிறகுதான் பிளக்.

கிளட்ச் பிளேட் ஃபிளைவீலோடு ஒட்டிக்கொண்டிருக்கும், பெடலை மிதித்தாலும் விடாது. கியரில் போட்டு வண்டியைத் தள்ளி உதறி விடுவிக்கும் வித்தையெல்லாம் சமவெளிக்காரர்களுக்கு. இந்த வண்டியில் கியர் பாக்ஸை உள்ளேயிருந்தே, நடு மேட்டு மூடியைக் கழற்றி வெளியே எடுக்கலாம், எடுத்துப் புது பிளேட் போட்டுவிடுங்கள்.

வயரிங் துணி சுற்றிய பழைய வயராக இருந்தால், அதிலும் எலி கடித்திருந்தால், ஒட்டுப் போடாமல் மொத்தமாக மாற்றுங்கள். பல ஹெரால்டுகளில் ஃபியூஸ் என்று சொல்லிக்கொள்ள ஒன்றும் கிடையாது, பேட்டரிக்குப் பக்கத்தில் ஒரு மெயின் ஃபியூஸும் கட் ஆஃப் சுவிட்சும் போடச் சொல்லுங்கள். பேட்டரி மாட்டுவதற்கு முன்னால் எந்தப் பக்கம் எர்த் என்று பாருங்கள், அந்தக் கால வண்டிகள் சிலவற்றில் பாசிட்டிவ்தான் எர்த். பழக்க தோஷத்தில் மாற்றிக் கொடுத்துவிட்டால் டைனமோ வேலை முடிந்தது.

மலைக்கென்றே ஒரு கவனம் உண்டு. 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஊட்டியில் தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். ரேடியேட்டர் மூடி அழுத்தத்தைப் பிடித்து வைத்தால்தான் அந்த அளவு உயரும், ஆக பழைய மூடியும் பழைய ஹோஸும் ஆகாது. ரேடியேட்டரை இறக்கிச் சுத்தம் செய்து, கூலன்ட் ஊற்றுங்கள், டிசம்பர் உறைபனிக்கும் அது வேண்டும். அதே உயரத்தில் காற்றும் அடர்த்தி குறைவு, மேட்டுப்பாளையத்தில் ட்யூன் செய்த கார்புரேட்டர் மேலே வந்தால் பெட்ரோல் அதிகமாகிக் கரும்புகை விடும். நீங்கள் ஓட்டப்போவது எங்கேயோ அங்கேயே ட்யூன் செய்யுங்கள்.

டாப் விஷயத்துக்கு வருகிறேன், மனைவி காத்திருப்பார். இப்போது இருக்கும் பழைய டாப்பை மடிக்க முயற்சி செய்யாதீர்கள், காய்ந்த ரெக்சின் குளிரில் மடித்த இடத்தில் கிழியும், கிழிந்துபோனால் அளவெடுக்க மாதிரி இருக்காது. அப்படியே கழற்றிப் பத்திரமாக வையுங்கள், குஷன் கடைக்காரருக்கு அதுதான் கட்டிங் மாதிரி. மடக்குச் சட்டத்தின் ரிவெட், முன்கண்ணாடிக்கு மேல் உட்காரும் மரக்கட்டை, குறுக்கே போகும் பட்டை நாடா இவற்றைச் சரிசெய்து, கதவு ரப்பர், கண்ணாடி ரப்பர் எல்லாம் புதிதாக மாட்டி, கதவு இடைவெளி சரியான பிறகுதான் டாப் தைக்க வேண்டும், ஏனென்றால் டாப்பின் இழுவை அந்த அளவுகளை நம்பித்தான் நிற்கிறது. இன்னொன்று, கோயமுத்தூர் வெயிலில் வைத்து இறுக்கித் தைத்த ரெக்சின் டாப் கோத்தகிரிக் குளிரில் சுருங்கி, பட்டன் பட்டனுக்கு எட்டாது. துணியை அங்கே வாங்குங்கள், வெட்டிக்கொண்டும் வாருங்கள், ஆனால் மாட்டி இழுத்து பட்டன் அடிப்பதை மலையில், வெயில் இருக்கும் பகலில் வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் பக்கம் பெருமழை வடகிழக்குப் பருவத்தில், அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை, எனவே இந்த வேலைக்கு ஜனவரி கடைசியிலிருந்து மார்ச் வரை தோது. ஈரமான டாப்பை எப்போதும் மடிக்காதீர்கள், ஒரே வாரத்தில் பூஞ்சை பிடித்துக் கறுத்துவிடும்.

ஆனால் இதெல்லாம் இரண்டாம் வருஷம். அதற்கு நடுவே காகித வேலை இருக்கிறது. ஆர்சி தாத்தா பெயரில் இருக்கும், முதலில் வாரிசுச் சான்றிதழோடு படிவம் 31 கொடுத்து உங்கள் பெயருக்கு மாற்ற வேண்டும். சட்டப்படி இறந்த மூன்று மாதத்துக்குள் விண்ணப்பிக்க வேண்டும், தாமதத்துக்கு அபராதம் கேட்பார்கள், கட்டிவிடுங்கள். ஆர்சி புக்கே காணவில்லை என்றால் படிவம் 26. அடுத்து இரண்டு வழி. ஒன்று, படிவம் 25 கொடுத்து, வண்டி ஓட்டத் தகுதியானது என்ற எஃப்சி காட்டி, பழைய பதிவையே புதுப்பிப்பது. இது ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை, சாதாரண வண்டி போல எங்கும் ஓட்டலாம். இரண்டாவது, 2021-ல் வந்த விண்டேஜ் விதி. முதல் பதிவிலிருந்து 50 வருஷம் தாண்டிய வண்டிக்குப் பத்து வருஷப் பதிவு, கட்டணம் 20,000 ரூபாய், ஆனால் கண்காட்சி, ராலி, பெட்ரோல் போட, ரிப்பேருக்கு என்று மட்டும்தான் ரோட்டில் எடுக்கலாம், காய்கறி வாங்க எடுத்துப் போக முடியாது. நீங்கள் சொல்லும் ஆசைக்கு முதல் வழிதான் பொருந்தும். இரண்டு வழியிலும் வண்டி கம்பெனி விட்ட வடிவத்தில் இருக்க வேண்டும். மோட்டார் வாகனச் சட்டம் 52-ம் பிரிவு ஆர்சியில் இருக்கும் விவரத்தை மாற்றும்படியான மாற்றங்களைத் தடுக்கிறது, 2019-ல் உச்ச நீதிமன்றமும் அதையே உறுதியாகச் சொல்லியிருக்கிறது. ஆர்சியில் சலூன் என்று இருந்து, நீங்கள் துணி டாப்போடு எஃப்சிக்குப் போனால் திருப்பி அனுப்ப வாய்ப்பு அதிகம். கூரையோடு போங்கள். அதற்குப் பிறகு டாப் போட வேண்டும் என்றால் ஆர்டிஓவிடம் எழுதிக் கேட்டு, அவர் என்ன சொல்கிறார் என்பதை எழுத்தில் வாங்கிக்கொண்டு செய்யுங்கள். ஆர்சியிலேயே கன்வர்ட்டிபிள் என்று இருந்துவிட்டால் நீங்கள் அதிர்ஷ்டசாலி, இந்தப் பத்தியைக் கிழித்துப் போட்டுவிடலாம்.

பணத்தைப் பொறுத்தவரை நான்கு லட்சத்தில் பாதியைச் சேஸிஸுக்கும் பிரேக்குக்கும் முன்சக்கரத்துக்கும் என்று ஒதுக்குங்கள். கால் பங்கு இன்ஜின், கிளட்ச், வயரிங், டயர். மிச்சத்தைத் தொடாமல் வையுங்கள், சேஸிஸ் திறந்த பிறகு அது தேவைப்படும், தேவைப்படவில்லை என்றால் டாப்புக்கு ஆகும். பெயிண்டுக்கு இப்போதைக்கு ஒரு ரூபாயும் இல்லை. நல்ல நிலையில் வைத்திருக்கும் பழைய கார்களைப் பார்த்து மனசில் ஒரு அளவுகோல் வைத்துக்கொள்ள வேண்டுமென்றால் கோயமுத்தூர் அவினாசி ரோட்டில் ஜீடி கார் மியூசியம் இருக்கிறது, மனைவியையும் கூட்டிக்கொண்டு ஒரு தடவை போய் வாருங்கள்.

ஊட்டிக்கு ஓட்டும் நாள் வந்தால் கோத்தகிரியிலிருந்து தொட்டபெட்டா வழியாக ஏறுங்கள், ஏற்றத்தில் தெரியும் கோளாறு வண்டியை நிறுத்தும், இறக்கத்தில் தெரிவது நிறுத்தாது. திரும்பி வரும்போது எந்த கியரில் ஏறினீர்களோ அதே கியரில் இறங்குங்கள். ஓடும்போதே கியர் சத்தமில்லாமல் விழ உதவும் சின்க்ரோமெஷ் முதல் கியருக்குக் கிடையாது, இறக்கத்தின் நடுவில் முதல் கியருக்குத் தேட முடியாது, அதனால் செங்குத்தான இடம் வருவதற்கு முன்பே இரண்டாவதில் போட்டுவிடுங்கள். ஊட்டியிலிருந்து மசினகுடிப் பக்கம் இறங்கும் கல்லட்டி இறக்கம், அந்த 36 வளைவும், இந்த வண்டிக்கு எப்போதும் வேண்டாம்.

இப்போதைக்கு எனக்கு வேண்டியது சில படங்கள். ஆர்சி புக்கின் விவரப் பக்கம், கூரையின் உட்புறமும் போல்ட் ஓட்டைகளும், முன்கண்ணாடிச் சட்டத்தின் மேல் விளிம்பு, மேட்டைத் தூக்கிய பிறகு இரண்டு காலடித் தகடும், பின்சக்கரத்துக்கு முன்னால் சேஸிஸ் கை. கூரையின் ஓட்டையும் சட்டத்தின் ஓட்டையும் ஒத்துப்போகிறதா என்று படத்திலேயே சொல்லிவிடுகிறேன், அதற்குப் பிறகு ரெக்கவரி வண்டிக்குச் சொல்லலாம்.